தம்பிக்கு எஸ்-ஐசிடி வைத்த அனுபவம்: நிற்க வைத்தும் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள்

ஆபரேஷனில் ஒரு குறையும் இல்லை. அதற்கு முந்தைய மூன்று வாரம்தான் இன்னும் மனதை அரிக்கிறது.

தம்பிக்கு 33 வயது, திருப்பூரில் டெய்லர். ஒல்லி உடம்பு. இதயத் தசை தடித்துப்போகும் வியாதி. துடிப்பு ஆபத்தாகத் தடுமாறினால் ஷாக் கொடுத்துச் சரிசெய்ய உடம்புக்குள் வைக்கும் கருவிதான் ஐசிடி. சாதாரண ஐசிடியில் ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் ஒயர் போகும். இந்த வயதில் வைத்தால் பல வருஷம் கழித்து ஒயர் பழுதாகலாம், அப்போது எடுப்பது பெரும்பாடு. பேஸ்மேக்கர் வேலையும் அவனுக்குத் தேவையில்லை. அதனால் எஸ்-ஐசிடி என்று முடிவானது. அதன் ஒயர் நெஞ்செலும்பை ஒட்டித் தோலுக்கடியிலேயே நிற்கும். கருவி இடது அக்குளுக்குக் கீழே, விலாப் பக்கம்.

ஒயர் இதயத்தைத் தொடாததால் துடிப்பை வெளியிலிருந்தே படிக்க வேண்டும். ஈசிஜியில் ஒவ்வொரு துடிப்பின் கடைசியிலும் வரும் மேடான டி அலை பெரிதாக இருந்தால் ஒரு துடிப்பை இரண்டாக எண்ணி, தேவையில்லாமல் ஷாக் கொடுத்துவிடும். அதற்காகத்தான் முன்கூட்டியே படுக்க வைத்தும், நிற்கவோ உட்காரவோ வைத்தும் ஈசிஜி எடுத்துப் பார்ப்பது. டெக்னீஷியன் படுக்க வைத்து மட்டும் எடுத்தார். "நிக்க வெச்சு எடுக்கலீங்களா?" என்றேன். "அதெல்லாம் வேண்டாங்க" என்று அனுப்பிவிட்டார். ஒன்பது நாள் கழித்து ஃபைலைப் பார்த்த டாக்டர் மறுபடி வரச் சொன்னார். கோயம்புத்தூருக்கு இன்னொரு நடை, அவனுக்கு இன்னொரு நாள் கூலி போச்சு. படுத்தபோது, கருவி துடிப்பைப் படிக்கும் மூன்று கோணமும் பாஸ். எழுந்து நின்றதும் ஒன்று ஃபெயில். நல்லவேளை, மற்ற இரண்டும் அப்போதும் பாஸ்.

அடுத்து இன்சூரன்ஸ். எஸ்டிமேட்டில் வெறும் 'ஐசிடி' என்று எழுதியதால் சாதாரணக் கருவிக்குத்தான் அனுமதி வந்தது. விலை வித்தியாசம் நம்மால் தாங்க முடியாதது. கருவியின் முழுப்பெயரும், ஏன் இதுதான் வேண்டும் என்ற டாக்டரின் கடிதமும் முதல் நாளே சேர்த்துவிடுங்கள். எனக்கு ஆறு நாள் வீணானது.

டாக்டர் இடம் குறித்ததை மட்டும் மறக்க மாட்டேன். "சுவத்துல கையை ஊன்றித் தள்ளுங்க தம்பி" என்றார். விலா மேல் விரல் விரலாகத் தசை எழும்பியது, அது செரேட்டஸ். முதுகிலிருந்து அக்குளுக்கு வரும் அகலத் தசை லாட்டிசிமஸ். கருவி சுமார் 130 கிராம். ஒல்லி உடம்பில் வெறும் தோலுக்கடியில் வைத்தால் உரசி உரசித் தோலே அரித்துப்போகலாம். அதனால் செரேட்டஸுக்கு மேலே, லாட்டிசிமஸுக்கு அடியில் செருக வேண்டுமாம். முன்பக்கம் நகர்ந்தால் ஷாக் இதயத்தின் ஊடே சரியாகப் போகாது. செரேட்டஸ் மேலேயே ஒரு நரம்பு ஓடுகிறது. அதில் பட்டால் தோள்பட்டை எலும்பு பின்னால் புடைத்துக்கொண்டு கையைத் தூக்குவதே சிரமமாகிவிடும். கையை நம்பிப் பிழைப்பவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! அப்புறம், தையல் மெஷின் முன்னால் உட்காருவது போலக் குனிந்து உட்கார வைத்து, முழங்கை இடிக்கிறதா என்று பார்த்து பேனாவால் கோடு போட்டார்.

அன்று ராத்திரி வார்டில் மருந்து சோப்புப் போட்டுக் குளிப்பாட்டியதில் அந்தக் கோடு அழிந்தே போனது. நான் மொபைலில் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். காலையில் டாக்டர் அதைப் பார்த்துக்கொண்டே, மறுபடி உட்கார வைத்துக் குறித்தார். நீங்களும் கட்டாயம் எடுத்து வையுங்கள்.

ஆபரேஷன் முடிவில் துடிப்பை வேண்டுமென்றே தடுமாற வைத்து, 65 ஜூல் ஷாக்கில் சீராகிறதா என்று பார்த்தார்கள். முதல் தடவையே சீரானது. கருவி 80 வரை கொடுக்கும்.

ஐந்து வாரம் ஆகிறது. உடம்பை இறுக்கும் பனியன் மட்டும் இன்னும் உறுத்துகிறது என்கிறான். போன வாரம் மெஷினில் உட்கார்ந்து தனக்கே ஒரு சட்டை தைத்துக்கொண்டான், இடது பக்கம் ஒரு இஞ்ச் கூடுதலாக லூஸ் விட்டு.