கிணற்று மேடையில் பனித்தூண்டில்: நாலாவது நுனி ஆடிவிட்டது

போன ஞாயிறு காலை ஆறே முக்காலிலிருந்து எட்டரைக்குள் 11 ஜிலேபி மீன். பெரியதே உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். ஆனால் இதே கிணற்றில் கார்த்திகை முழுக்கத் தவம் கிடந்து இரண்டே மீன் பிடித்தவனுக்கு இது திருவிழா.

கிணறு குப்பனூர்ப் பக்கம், சேர்வராயன் மலையடிவாரத்தில் சித்தப்பா தோட்டத்தில் இருக்கிறது. மழைக்குப் பிறகு தண்ணீர் ஏறி, மோட்டார் மேடைக்கு ஐந்தடி கீழே நிற்கிறது. அதற்குக் கீழே முப்பதடி ஆழம். விடிகாலையில் மீன் கிடப்பதெல்லாம் இருபதடிக்குக் கீழே, மோட்டார் குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட்வால்வைச் சுற்றி. ஆறடிக் கம்பில் தக்கையை இருபதடிக்கு நிறுத்த முடியாது. தக்கை இல்லாமல் தங்கூசியை (தூண்டில் நைலான் இழையை) கையில் பிடித்தால் கடி விரலுக்கு வந்து சேருவதற்குள் புழு காலி. நைலான் இழுபடும், ஜிலேபி கொறிக்கும். இரண்டும் சேர்ந்தால் தூண்டில் முள்தான் மிச்சம்.

கனடாவில் இருக்கும் பெரியம்மா மகன் பனிக்காலத்தில் சிம்கோ ஏரியில் உறைந்த பனிமேல் துளை போட்டு மீன் பிடிப்பவர். வீடியோ காலில் என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "டேய், நான் பண்றதும் நீ பண்றதும் ஒண்ணுதான்டா. செங்குத்தா கீழே விட்டு செங்குத்தா தூக்கறது. உனக்கு ஐஸ் இல்ல, அவ்ளோதான்" என்றார். நடக்க 4 அங்குலம் தெளிந்த பனிக்கட்டியாவது வேண்டுமாம். எனக்கு மேடைக் கல் போதும். (ஆனால் மேலே ஒரு ஆள் இல்லாமல் நான் கிணற்றில் இறங்குவதில்லை.) தண்ணீர் 4 டிகிரியில்தான் கனம் அதிகம், அதனால் அங்கே ஏரியின் அடியில் அந்தச் சூடு தங்கும், மீன் மந்தமாகி மெல்லக் கடிக்கும். நம் கிணறு மார்கழியில் வெதுவெதுவென்று இருக்கும். நம் மீன் மெல்லக் கடிப்பது குளிரால் அல்ல, திருட்டுத்தனத்தால்.

அவர் கம்பு இரண்டரை அடிக்கும் குறைவு. நுனியில் மெல்லிய சுருள்கம்பியோ தகடோ நீட்டிக்கொண்டிருக்கும். ஈயக்குண்டின் எடைக்கு அது கொஞ்சம் வளைந்து நிற்க வேண்டும். மீன் கீழே இழுத்தால் இன்னும் வளையும். இரையை வாயில் வைத்து மேலே எழும்பினால் நிமிரும். இந்த நிமிர்வைத்தான் நான் இத்தனை நாளும் தவறவிட்டிருக்கிறேன். பாதிக் கடி மேல்நோக்கித்தான் வருகிறது!

நுனிக்கு முதலில் பேனா ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிப் பார்த்தேன். அரை கிராம் குண்டுக்கு அசையவே இல்லை. அடுத்தது தென்னை ஈர்க்கு. அருமையாக ஆடியது, ஒரு மணி நேரத்தில் ஈரம் குடித்துத் தொங்கிவிட்டது. மூன்றாவது பாட்டியின் பழைய எக்ஸ்ரே ஷீட்டில் வெட்டிய பட்டை. பரவாயில்லை, ஆனால் காற்றுக்கும் ஆடியது.

நாலாவது கிட்டாரின் முதல் தந்தி, 0.009 அங்குலம். நாலு அங்குலம் வெளியே நீட்டினால் அரை கிராம் குண்டுக்கு, கடிகாரத்தில் நாலு மணி காட்டும் முள் மாதிரி சாய்கிறது. இதுதான் வேண்டியது. சிக்கல், நுனியில் தங்கூசி ஓட ஒரு குட்டி வளையம் வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பனிடம் போனேன். அவன் வெள்ளியில் வளையம் செய்து, பொடி வைத்து ஊதி அழகாகப் பற்றவைத்தான். வீட்டுக்கு வந்து குண்டைத் தொங்கவிட்டால் தந்தி வேகவைத்த சேமியா மாதிரி கிடக்கிறது. அந்தச் சூட்டில் எஃகின் விறைப்பு போய்விட்டது. மறுபடி போய், ரேடியோ ரிப்பேருக்கு வைக்கும் சாதாரண ஈயத்தில், சால்டரிங் அயர்ன் நுனியால் தொட்டும் தொடாமலும் ஒட்டினோம். எஃகில் ஈயம் சுலபமாக ஒட்டாது, உப்புத்தாளில் தேய்த்து ஃபிளக்ஸ் (ஈயம் பிடிக்க உதவும் பசை) தடவ வேண்டும். ஆறு முறை விழுந்தது. ஏழாவது நின்றது. "கொலுசு பத்தவைக்கறதுக்கு இவ்ளோ கஷ்டப்பட்டதில்லடா" என்றான்.

அப்புறம் ஆழம். முதலில் கனமான குண்டைக் கட்டித் தரை தட்டும்வரை விட்டு, தங்கூசியில் சிவப்பு நகப்பாலிஷ் அடையாளம் வைத்துக்கொண்டேன். அங்கிருந்து ஒரு முழம் மேலே தூக்கி நிறுத்தினால் ஃபுட்வால்விலும் மாட்டாது. மண்புழுவை விரல்நகம் அளவு மட்டும் கோர்க்க வேண்டும். முழுப் புழு போட்டால் வாலைக் கடித்துக்கொண்டு ஓடிவிடும். இரண்டு தடவை லேசாக ஆட்டி, பத்து எண்ணும்வரை அசையாமல் வைத்தால், அந்த அசையாத நேரத்தில்தான் தந்தி நிமிர்கிறது.

மேலே நின்று பார்த்த சித்தப்பா, "என்ன கண்ணு, கெணத்துக்கு ஊசி போடறியா?" என்றார். 11 மீனையும் சித்தியிடம் கொடுத்தபோது, "முள்ளுதான் இருக்குது" என்று சொல்லிவிட்டு நாலைத் திருப்பி விடச் சொன்னார்.

ஆன்லைனில் வாங்கிய மெல்லிய தங்கூசி பெரிய ஏமாற்று. போட்டிருக்கும் தடிமனை நம்பாதீர்கள், பட்டறை மைக்ரோமீட்டரில் அளந்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. திருப்பி அனுப்பவும் வழி இல்லை. இப்போதைக்குப் பழைய தங்கூசியிலேயே ஓட்டுகிறேன். அது முறுக்கிக்கொண்டு குண்டைப் பம்பரமாகச் சுற்றுகிறது. இதற்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.

அதைச் சரிசெய்யாமல் அடுத்த வேலைக்குத் தாவிவிட்டேன். ஈயத்தைவிட டங்ஸ்டன் கிட்டத்தட்ட 1.7 மடங்கு கனம், சின்ன குண்டே சீக்கிரம் அடிக்குப் போகும். கனடா அண்ணன் அனுப்புவதாகச் சொல்லி மாதங்கள் ஆகின்றன. லேத் பட்டறையில் டிக் வெல்டிங்குக்கு வைக்கும் டங்ஸ்டன் கம்பித் துண்டு கேட்டிருக்கிறேன். 2.4 மில்லிமீட்டர் கம்பியில் ஒரு சென்டிமீட்டர் வெட்டினால் 0.87 கிராம் வரும், தூண்டில் முள்ளின் தண்டோடு சேர்த்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டுச் சுருக்கிவிடலாம். பச்சை முனை போட்டதுதான் வேண்டும். சிவப்பு முனை தோரியம் கலந்தது, அரைக்கும் தூசு நுரையீரலுக்கு ஆகாது. இந்த எடைக்குத் தந்தியை மூன்று அங்குலமாகக் குறைக்க வேண்டும். அதாவது மறுபடி வளையம், மறுபடி ஈயம். நண்பனிடம் இன்னும் சொல்லவில்லை.