முகத்துவாரம் வரை

12 டிசம்பர் 2024, வியாழன்

விடிந்ததிலிருந்து மழை. பள்ளிக்கூடங்களுக்கு லீவு. சமையலறை ஜன்னலோரம் ஒழுகுகிறது. இடிக்கப்போகிற கட்டடத்தில் இனி யார் பூசுவார்கள்? சாயங்காலம் செஸ்ஸில் குகேஷ் ஜெயித்துவிட்டான் என்று மேல்மாடியில் ஒரே கூச்சல். நானும் போய்க் கைதட்டிவிட்டு வந்தேன்.

13, வெள்ளி

கார்த்திகை தீபம். வாசலில் ஒரு விளக்கும் நிற்கவில்லை.

செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டார்கள். உடனே நாத்தனார் போன். “முடிச்சூருக்கா குடி போறீங்க அண்ணி? 2015 மறந்துபோச்சா?” இவர் போனை வாங்கிப் பாடம் எடுத்தார். செம்பரம்பாக்கத்து உபரி நீர் திருநீர்மலைப் பக்கம் வந்துதான் அடையாற்றில் சேருமாம், முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறதாம். ஆதனூர், மண்ணிவாக்கம் ஏரிகள் நிரம்பி வழிந்தால்தான் நமக்குக் கவலையாம். இது ஆறுதலா? ராத்திரி வெகுநேரம் ஆதனூர் ஏரி நிரம்பிவிட்டதா என்று போனில் தேடிக்கொண்டிருந்தேன்.

14, சனி

மழை விட்டது. நாளை கடற்கரை நடை உண்டாம். குடையா தொப்பியா என்று குரூப்பில் விடாமல் மெசேஜ்.

15, ஞாயிறு

ஆறு மணிக்கு நீலாங்கரை. வாடைக்காற்றுக்குப் பயந்து பாதிப் பேர் குல்லாவில் வந்திருந்தார்கள், காஷ்மீர் போகிற மாதிரி. அலை மணலை அரித்து முழங்கால் உயரத்துக்குப் படி வெட்டியிருந்தது. கொட்டிவாக்கத்தில் படகுகளை ரோடு வரைக்கும் ஏற்றிவிட்டார்கள். திருவான்மியூர் தாண்டும் வரை பேச்சு முழுக்கப் புது ஃபிளாட், கார் பார்க்கிங், பில்டர் தருகிற வாடகை. அஷ்டலட்சுமி கோயிலருகே காபி என்று ஒரு கூட்டம் கழன்றுகொண்டது. நல்லதாகப் போயிற்று.

ஊரூர் குப்பம் தாண்டினால் கடலே டீ நிறம். 1977 வெள்ளத்தில் போன பாலத்தடியில் அடையாறு திமுதிமுவென்று வெளியே போகிறது. பருவமழைக்கு முன்னால் பொக்லைன் வைத்துத் தோண்டும் மணல்மேடு இப்போது இருந்த இடம் தெரியவில்லை. கரை நெடுக ஆகாயத்தாமரை, உப்புத் தண்ணீரில் கிடந்தும் ஊதாப்பூ வாடாமல். அதற்குள் ஒரு தண்ணிப்பாம்பு, உயிரோடு, தலையை மட்டும் தூக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. வீச்சு வலையோடு நின்ற தம்பி குச்சியால் தூக்கி ஆற்றுப் பக்கம் போட்டார். வலையில் எல்லாம் ஜிலேபிக் கெண்டை. ஏரி மீன். எந்த ஏரியிலிருந்து வந்ததோ.

“தண்ணி சீக்கிரம் வடிஞ்சிடுமா தம்பி?”

“வாய் தொறந்திருக்குக்கா, ஓடிடும். ஆனா இன்னிக்குப் பௌர்ணமி. ஓதம் ஏறுனா கடல் வாங்காது. அந்த ஓரம் நிக்காதீங்க, கால் உள்ள போயிடும்.”

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். ஓதம் முடிச்சூர் வரைக்கும் எதிர்த்து வராது, அது எங்கேயோ மேலே இருக்கிறது என்றார். சரிதான். ஆனால் இவ்வளவு தெரிந்தவர் அந்த வீட்டைப் பார்த்த அன்றைக்குச் சுவரில் தண்ணீர் நின்ற கறை இருக்கிறதா என்று பார்க்கவில்லையே. புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தது. இடுப்பு வரைக்கும் மட்டும் வேறு நிறம். டிசைன் என்றார் வீட்டுக்காரர்.

16, திங்கள்

மார்கழி பிறந்துவிட்டது. கோலமாவு எந்தப் பெட்டிக்குள் போயிற்றோ.

18, புதன்

இடுப்பு வரைக்கும் ஏன்?

20, வெள்ளி

மேல்மாடிக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவர்தான் பாக்கி. பொங்கலுக்குள் காலி செய்யச் சொல்கிறார்கள். அம்மா அரைத்த ஆட்டுக்கல்லைத் தொட மாட்டோம் என்று பேக்கர்ஸ் ஆட்கள் சொல்லிவிட்டார்கள். அது வராவிட்டால் நானும் வரவில்லை என்று கத்தினேன். இவர் பேப்பரை விட்டுத் தலை தூக்கவில்லை.

22, ஞாயிறு

நடைக்குப் போகவில்லை. இவருக்குத் தெரியாமல் தாம்பரம் வண்டி பிடித்து முடிச்சூர் போனேன். எதிர்வீட்டு அம்மாவிடம் கேட்டேன். “எந்த வருஷத்தைக் கேக்குறீங்க?” என்றார்.