டபிள்யூஎம்9712 சிப் உள்ள பழைய டச் பேனலில் லினக்ஸ் ஏற்றிய அனுபவம்

நண்பர் ஒருவரின் பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறையில் மெஷினோடு வந்த டச் பேனல் ஒன்று பூட் ஆகாமல் நின்றுவிட்டது. விற்றவர்கள் அந்த மாடலுக்கு ஆதரவை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். புதுப் பேனல் வேண்டுமென்றால் கன்ட்ரோல் பெட்டியையே மாற்ற வேண்டும் என்றார்கள். திறந்து பார்த்தால் ஹார்டுவேரில் ஒரு குறையும் இல்லை. கெட்டிருந்தது உள்ளே இருந்த பழைய மென்பொருள் மட்டும்தான். பிஎக்ஸ்ஏ270 செயலி, பக்கத்திலேயே உல்ஃப்சன் நிறுவனத்தின் டபிள்யூஎம்9712 சிப். சரி, லினக்ஸ் போட்டுவிடலாம் என்று இறங்கினோம்.

இந்தச் சிப் ஒரு ஆடியோ கோடெக், அதாவது டிஜிட்டல் ஒலியை ஸ்பீக்கருக்கான சிக்னலாகவும் மறுபடி டிஜிட்டலாகவும் மாற்றுவது. ஆனால் அதே சிப்புக்குள் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் 12 பிட் ஏடிசியும், அழுத்தத்தால் தொடுதலை அறியும் ரெசிஸ்டிவ் தொடுதிரையை ஓட்டும் சுற்றும், ஸ்டீரியோவை அகலப்படுத்தும் 3டி வசதியும் இருக்கின்றன. பாம் டிஎக்ஸ், தோஷிபா இ800, ஷார்ப் ஸாரஸ் எஸ்எல்-6000 போன்ற கையடக்கக் கருவிகளில் இது இருந்தது. எடின்பரோவில் இருந்த உல்ஃப்சனை 2014-இல் சிரஸ் லாஜிக் வாங்கிவிட்டது. லினக்ஸின் மையப்பகுதியான கர்னலில் இந்த வரிசைச் சிப்புகளுக்கு ஆடியோ டிரைவரும் டச் டிரைவரும் தனித்தனியாக உண்டு. கோப்புகள் இரண்டாக இருக்கிறதே என்று வேலையையும் இரண்டாகப் பிரித்துக்கொள்ள முடியாது. ஒலியும் தொடுதலும் செயலியோடு பேசுவது ஏசி97 என்ற ஒரே டிஜிட்டல் இணைப்பின் வழியாகத்தான். இணைப்பு எழவில்லை என்றால் இரண்டும் சேர்ந்தே செத்துக் கிடக்கும்.

எங்களுக்கு முதலில் நடந்ததும் அதுதான். கோடெக் கண்ணுக்கே தெரியவில்லை. ஆஸிலோஸ்கோப்பில் 24.576 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் அழகாக ஓடியது. அதில் பாதியாக 12.288 மெகாஹெர்ட்ஸில் சிப்பிலிருந்து வர வேண்டிய பிட் கிளாக் (இணைப்புக்குத் தாளம் தரும் துடிப்பு) மட்டும் இல்லை. கிரிஸ்டல் ஓடியும் கிளாக் வரவில்லை என்றால் பெரும்பாலும் சிப் ரீசெட்டிலேயே பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். பிஎக்ஸ்ஏ270-இல் ஏசி97 ரீசெட் சிக்னலை 95 அல்லது 113 என்ற இரண்டு ஜிபிஐஓ கால்களில் (செயலியின் பொதுப்பயன் பின்கள்) எதிலிருந்து வேண்டுமானாலும் எடுக்கலாம். சொல்லாமல் விட்டால் கர்னல் 113 என்றே எடுத்துக்கொள்ளும். எங்கள் போர்டில் அது 95. போதாததற்கு இந்தச் செயலியில் வார்ம் ரீசெட் (தூங்கும் இணைப்பை எழுப்புவது) சரியாக வேலை செய்யாது என்பது தெரிந்த குறை. அந்த நேரத்தில் ரீசெட் காலை மென்பொருளே உயர்த்திப் பிடித்து வைக்க வேண்டும். கர்னல் அதைச் செய்கிறது, ஆனால் சரியான கால் எது என்று நாம் சொன்னால்தான். போர்டின் அமைப்பைக் கர்னலுக்குச் சொல்லும் போர்டு கோப்பில் 95 என்று மாற்றியதும் கிளாக் வந்தது. தயாரிப்பாளர் யார் என்று சொல்லும் வெண்டார் ரெஜிஸ்டரைப் படித்தால் டபிள்யூ, எம் எழுத்துகளின் ஆஸ்கி எண்கள். அதைப் பார்த்தபோது வந்த நிம்மதி பெரியது.

அப்புறம் தொடுதிரை. இதில்தான் நேரம் அதிகம் போனது. தொட்டால் புள்ளி வந்தது, ஆனால் நடுங்கியது. விரலை அசைக்காமல் வைத்திருந்தாலும் இவ்டெஸ்ட் என்ற சோதனை நிரல் காட்டிய எக்ஸ், ஒய் எண்கள் தாவிக்கொண்டே இருந்தன. எல்சிடியை அணைத்துவிட்டுத் தொட்டால் எண்கள் அடங்கின. ஆக, எல்சிடியை ஓட்டும் சிக்னல்களின் இரைச்சல் மேலே ஒட்டியிருக்கும் தொடுதிரைத் தகட்டில் ஏறுகிறது. ஏடிசி அதையும் சேர்த்தே அளக்கிறது.

டிரைவரில் இதற்கென்று சில அளவுருக்கள் உண்டு. டிலே என்பது தகட்டில் மின்னழுத்தம் கொடுத்த பிறகு அளப்பதற்கு முன் எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்பது. இயல்பு மதிப்பு 3, அதாவது 167 மைக்ரோ விநாடி. ஏசி97 ஒரு விநாடிக்கு 48,000 ஃப்ரேம் (தரவுத் தொகுப்பு) அனுப்புகிறது. இது 8 ஃப்ரேம் நேரம். தொடுதிரையின் காத்திருப்பைக்கூட ஒலியின் கடிகாரத்தில்தான் எண்ணுகிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. 4 ஆக்கினோம், 333 மைக்ரோ விநாடி. நடுக்கம் குறைந்தது, போகவில்லை.

ஆர்பியூ என்பது விரல் பட்டதைக் கண்டுபிடிக்கும் புல்-அப் மின்தடை. 64 கிலோ ஓமை இந்த எண்ணால் வகுத்தால் வருவது அதன் மதிப்பு. இயல்பு 8, ஆக 8 கிலோ ஓம். ஆபரேட்டர்கள் கையுறையோடு லேசாகத் தொடுவது சில நேரம் பதியாததால் 2-க்கு இறக்கிப் பார்த்தோம். உணர்திறன் கூடியது, கூடவே யாரும் தொடாமலே தொட்டதாகப் பதிவு வரத் தொடங்கியது. மோல்டிங் மெஷினில் இது விளையாட்டு இல்லை. 4 என்று வைத்ததும் இரண்டு தொல்லையும் நின்றன.

நடுக்கத்துக்கு உண்மையான மருந்து மாஸ்க். எல்சிடி இரைச்சல் இல்லாத இடைவெளியில் மட்டும் அளக்கும்படி, வெளியிலிருந்து ஒரு சிக்னலைச் சிப்பின் மாஸ்க் காலுக்குக் கொடுக்கலாம். மல்டிமீட்டரில் தடம் பிடித்துப் போனால், போர்டை வடிவமைத்தவர் எல்சிடியில் ஒவ்வொரு வரியும் தொடங்குவதைச் சொல்லும் ஹெச்-சிங்க் சிக்னலை ஏற்கெனவே அங்கே கொண்டுவந்து இணைத்திருந்தார்! மாஸ்க் 3 என்று கொடுத்தோம்: அந்தக் காலில் விளிம்பு வந்த பிறகு, டிலே முடிந்ததும் அளக்கும். டிலேயின் மதிப்பை மாற்றிப் பார்த்து, அளவீடு அமைதியான இடத்தில் விழும்படி வைத்தோம். எண்கள் அப்படியே நின்றன. டிஎஸ்லிப் என்ற தொடுதிரை நிரலில் ஒருமுறை கேலிபிரேஷன் செய்ததோடு தொடுதிரை முடிந்தது.

ஒலி எளிது என்று நினைப்பீர்கள். "ஹீட்டர் சூடு அதிகம்" போன்ற எச்சரிக்கைகளை நண்பர் தன் குரலிலேயே பதிந்து வைத்திருந்தார். பேனலின் ஸ்பீக்கரில் அவை கேட்கவே இல்லை. சோதனைக்கு ஒரு பாட்டைப் போட்டால் வாத்தியங்கள் மெலிதாகக் கேட்டன, பாடுபவர் குரல் மட்டும் இல்லை. ஸ்பீக்கர் ஒன்றுதான், அது சிப்பின் இடது, வலது வெளியீடுகளுக்கு நடுவில் இணைக்கப்பட்டிருந்தது. வலதைத் தலைகீழாக்கும் பிட் அணைந்திருந்தால் ஸ்பீக்கருக்குக் கிடைப்பது இடது கழித்தல் வலது. இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும் மோனோ குரல் அதில் பூஜ்யமாகிவிடும். பிட்டை ஏற்றியதும் கூட்டல் ஆனது, பட்டறையே திரும்பிப் பார்க்கும்படி குரல் வந்தது.

3டி வசதியைப் புரிந்துகொள்ளவும் இதே கணக்கு போதும். அது இடது, வலது வித்தியாசத்தைப் பெரிதாக்கி ஒரு பக்கம் கூட்டுகிறது, மறுபக்கம் கழிக்கிறது. இரண்டையும் ஒரே ஸ்பீக்கரில் கூட்டினால் சேர்த்தது முழுக்க அடிபட்டுப் போகும். ஆகவே பேனல் ஸ்பீக்கரில் 3டியை 15 வரை ஏற்றினாலும் காதுக்கு ஒன்றும் தெரியாது. லைன் அவுட்டிலிருந்து பட்டறையின் இரண்டு பெரிய பெட்டிகளுக்குப் போகும் பாட்டில் நன்றாகவே தெரிந்தது. எச்சரிக்கைகளில் சில போனில் ஸ்டீரியோவாகப் பதிந்தவை. அவற்றில் சுவர் எதிரொலிதான் வித்தியாசமாக இருக்கிறது. பெரிய பெட்டிகளில் 3டி அதைத் தூக்கிவிட, பேச்சு பின்னால் போய்விட்டது. அதனால் எச்சரிக்கைகளை மோனோவாக மாற்றினோம். 3டியைப் பாட்டுக்கு மட்டும் நடுத்தரமாக வைத்தோம்.

கர்னல் விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். பழைய பிஎக்ஸ்ஏ போர்டு கோப்புகளில் பெரும்பாலானவை 2023-இல் கர்னலிலிருந்து நீக்கப்பட்டன. நாங்கள் அதற்கு முந்தைய நீண்ட ஆதரவுப் பதிப்பிலேயே நிற்கிறோம். அளவுருக்களை எழுதிப் பேனல் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம். நண்பரிடம் இதே வரிசையில் இன்னொரு பேனல் இருக்கிறது. அதன் போர்டில் மாஸ்க் கால் எதோடும் இணைக்கப்படவில்லை. ஹெச்-சிங்க்கிலிருந்து ஒரு மெல்லிய கம்பியை இழுத்து சால்டர் செய்துதான் அதைச் சரிசெய்யப் போகிறோம்.