மழை பெய்தால் காணாமல் போகும் வாத்து

மெல்பர்னில் இருக்கும்போது "தாத்தா எங்கே?" என்று யாராவது கேட்டால், "சாக்கடை பார்க்கப் போயிருக்கிறார்" என்று என் பேரன் சொல்லிவிடுவான். பொய் இல்லை. நகரத்தின் கழிவுநீரில் ஏறக்குறைய பாதி வந்து சேரும் வெரிபீ சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போவேன். 1890களில் தொடங்கியது, பத்தாயிரம் ஹெக்டேருக்கு மேல் குட்டைகளும் புல்வெளிகளுமாகக் கடல் வரை விரிந்து கிடக்கிறது. பறவை பார்ப்பவர்களுக்கு இது கோயில் மாதிரி. முன்கூட்டியே அனுமதி வாங்கி, கதவுகளை நாமே திறந்து, மறக்காமல் பூட்டிக்கொண்டு போக வேண்டும். நாற்றம்? பயந்த அளவுக்கு இல்லை.

நான் தேடிப்போனது இளஞ்சிவப்புக் காது வாத்து. ஆஸ்திரேலியாவை விட்டால் வேறெங்கும் கிடையாது. 2023 ஜனவரியில் முதல்முறை போனபோது நாள் முழுவதும் சுற்றியும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. தொலைநோக்கியோடு நின்ற உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் சிரித்தார். "நாட்டின் உட்பகுதியில் எங்கும் வெள்ளம். இங்கே அதற்கு என்ன வேலை?" என்றார்.

எனக்கு அது புதிதாக இருந்தது. வேடந்தாங்கலுக்குப் பறவை வரும் மாதத்தைச் சொல்லிவிடலாம். இந்த வாத்துக்கு மாதக் கணக்கே இல்லை. ஆஸ்திரேலியாவின் வறண்ட நடுப்பகுதியில் சில ஆண்டுகள் பொட்டு மழைகூட இருக்காது. பிறகு ஒரேயடியாகக் கொட்டும். வெடித்துக் கிடந்த ஏரிகள் நிரம்பும்; நீரில் நுண்ணுயிர்கள் பெருகும். அந்தச் சமயம் பார்த்து இவை போய் இறங்கி, எந்த மாதமாக இருந்தாலும் முட்டையிடும். மரப்பொந்திலோ பிற பறவைகள் விட்டுப்போன கூட்டிலோ முட்டைகளை வைத்து, தன் மென்தூவியால் மூடிவைக்கும். தண்ணீர் வற்றினால் வற்றாத நீர்நிலை தேடிக் கிளம்பும். அப்படிக் கிளம்பியவை வந்து சேரும் இடங்களில் ஒன்று இந்தச் சாக்கடை. ஆக, நான் ஏமாந்து நின்ற அந்த வருடம் வாத்துகளுக்கு நல்ல வருடம்!

2025 பிப்ரவரியில் மறுபடியும் போனேன். மகள்தான் கார் ஓட்டினாள். "மற்ற அப்பாக்களைக் கடற்கரைக்கு அழைத்துப்போகிறார்கள்" என்று அலுத்துக்கொண்டவள், மூன்றாவது குட்டையின் வளைவில் தானே பிரேக் போட்டாள். குட்டை முழுவதும் அவைதான். கரையில் தோளோடு தோள் ஒட்டி வரிசையாகத் தூங்குபவை நூற்றுக்கணக்கில். நீரில் இருந்தவற்றை எண்ணப் புகுந்து பாதியில் விட்டுவிட்டேன். வாத்துக்குரிய கரகரப்புக் குரல் இல்லை, குருவிபோல் கீச்சிட்டன.

காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினோம். ஒரு ஜோடி இருபது அடி தூரத்துக்குள் வந்தது. உடம்பு சிறியது, அலகு மட்டும் இரவல் வாங்கியதுபோலப் பெரியது, நுனி சதுரம். அதன் இரு ஓரத்திலும் ஈரத்துணிபோல் தோல் மடிப்புகள் தொங்கின. மார்பிலும் விலாவிலும் வரிக்குதிரைக் கோடுகள். பெயருக்குக் காரணமான இளஞ்சிவப்பு, கண்ணுக்குப் பின்னால் நகப்பூச்சு சிந்தியதுபோல் ஒரே ஒரு பொட்டு. அத்தனை கோடுகளை விட்டுவிட்டு இந்தப் பொட்டை வைத்துப் பெயர் சூட்டியவரை என்ன சொல்வது!

பிறகு இரண்டும் ஒன்றின் வாலருகே மற்றதன் தலை வருமாறு சேர்ந்து, திருகைக் கல்போலச் சுற்றத் தொடங்கின. அலகுகள் நீரை விட்டு எழவே இல்லை. சுற்றும் வேகத்தில் அடியில் இருக்கும் நுண்ணுயிர்கள் மேலே வரும். அலகின் உள்விளிம்பில் இருக்கும் மெல்லிய சீப்புப் பற்கள் நீரை வெளியேற்றி இரையை மட்டும் நிறுத்திக்கொள்ளும். மகள் சத்தமில்லாமல் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். "பதினேழு சுற்று, அப்பா. தலை சுற்றாதா?"

மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் சட்டப்படி சுடக்கூடிய வாத்துகளின் பட்டியலில் இதுவும் இருக்கிறது. அரைக் கிலோகூடத் தேறாத பறவை. துப்பாக்கி தூக்குகிறவர்களுக்கு இதில் என்ன கிடைக்கிறதோ, எனக்குப் புரிந்ததே இல்லை.

மார்ச் கடைசியில் நான் ஊர் திரும்பியிருந்தேன். தென்மேற்குக் குவீன்ஸ்லாந்தில் பெருவெள்ளம், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் போய்விட்டன என்று செய்தி. அன்று இரவு மகள் போனில் அழைத்தாள். வெள்ளத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, "உங்கள் வாத்துகள் கிளம்பியிருக்கும், அப்பா" என்றாள்.