கவுண்டரில் படித்த கைவல்ய நவநீதம்

வங்கியில் காசாளராக இருந்த காலத்தில் தாண்டவராய சுவாமிகளின் கைவல்ய நவநீதத்தைச் சிறிது சிறிதாகப் படித்து வந்தேன். குருவுக்கும் சீடனுக்கும் நடக்கும் உரையாடலாக 293 பாடல்களில் அமைந்த அந்த வேதாந்த நூலில், ஆற்றைக் கடந்த பத்துப் பேரின் கதை வருகிறது. கரையேறியபின் எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஒன்பதே தேறுகிறது. பத்தாமவனை வெள்ளம் கொண்டுபோய்விட்டதென்று அழுகிறார்கள். வழிப்போக்கர் ஒருவர் முதலில் அவன் உயிரோடிருக்கிறான் என்கிறார். பிறகு, அவன் நீயே என்று காட்டுகிறார். முன்னதால் வருவது பரோட்ச ஞானம், அதாவது பிறர் சொல்லக் கேட்டு அறிவது; பின்னதால் வருவது அபரோட்ச ஞானம், அதாவது தானே நேரடியாக அறிவது.

மாலையில் கேஷ் டேலி ஆகாதபோது மூத்த காசாளர், "பணம் எங்கும் போகவில்லை, ஏதோ ஒரு வவுச்சரில் இருக்கிறது" என்பார். பணம் கைக்கு வருமுன்பே அந்தச் சொல்லால் பதற்றம் பாதி அடங்கிவிடும் என்பதால், பரோட்ச ஞானத்தை விளங்கிக்கொள்ள எனக்குத் தனி உரை தேவைப்படவில்லை. அடுத்த படிதான் கடினம். பத்தாமவனை எந்த வவுச்சரிலும் தேட முடியாது.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென்று அறிவிக்கப்பட்டபின், டிசம்பர் 30 வரை நோட்டு கட்ட வந்தவர்களின் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. ஒருவர் குரலை உயர்த்தினால் அவர் முகம், பின்னால் நிற்பவர்களின் முணுமுணுப்பு, எண்ண வேண்டிய கட்டுகள் எல்லாம் என் கவனத்தில் பதியும். என் தாடை இறுகுவதும் விரல்கள் வேகமெடுப்பதும் மட்டும் கணக்கில் வராது. நூலைப் படித்த பழக்கத்தால் அவற்றையும் சேர்த்தெண்ணத் தொடங்கினேன். கோபம் வராமல் போகவில்லை. வந்த கோபத்துக்கும் வாயிலிருந்து புறப்படும் சொல்லுக்கும் நடுவே சிறிது இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

இதையே முக்தி என்று சொல்லிவிட முடியாது. இறுகும் தாடையும் அறியப்படும் பொருள்தான். அதை அறிகிறவன் யார் என்பதே நூலின் கேள்வி. பணியிட மன அழுத்தத்துக்கு மருந்தாக வேதாந்தத்தைப் பரிந்துரைக்கும் பயிற்சி வகுப்புகள் இந்த இடத்தை எட்டுவதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. எனக்கு இன்னும் அதிகம் உதவுவது 'சந்தேகந்தெளிதற்படலம்' என்ற இரண்டாம் பகுதி. உண்மையை அறிந்தபின்னும் சீடன் அதில் கேட்டுக்கொண்டே இருக்கிறான், குருவும் சலிக்காமல் விடை சொல்கிறார்.