பழைய ஸ்கி படகு வாங்கிய கதை

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் யாரிடமாவது ‘ஸ்கி போட் வேண்டும்’ என்று கேட்டால் மீன் பிடிக்கிற படகைத்தான் காட்டுவார்கள். கடற்கரையிலிருந்து அலையைக் கிழித்துக்கொண்டு கடலுக்குள் போகிற, பின்னால் இரண்டு அவுட்போர்டு எஞ்சின் மாட்டிய படகுக்கு இங்கே அதுதான் பெயர். எனக்கு வேண்டியது அணைத் தண்ணீரில் சறுக்குகிறவரை இழுத்துப் போகும் படகு. எஞ்சின் உள்ளேயே இருக்கும் இன்போர்டு. இந்தப் பெயர்க் குழப்பத்தில் முதல் இரண்டு வாரம் சம்பந்தமில்லாத விளம்பரங்களுக்கெல்லாம் போன் செய்துகொண்டிருந்தேன். நீங்கள் தேடினால் ‘இன்போர்டு வாட்டர்ஸ்கி’ என்றே கேளுங்கள்.

நாங்கள் இருப்பது வெருலத்தில். ஹேசல்மியர் அணை பக்கத்திலேயே இருக்கிறது. பன்னிரண்டு வயது மகள் அங்கே நண்பர் ஒருவரின் படகில் சறுக்கக் கற்றுக்கொண்டாள். இன்போர்டுதான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்கு அவள்தான் காரணம். இன்போர்டிலேயே டைரக்ட் டிரைவ் என்ற வகையில் எஞ்சின் படகின் நடுவில் ஒரு பெட்டிக்குள் இருக்கும். புரொப்பெல்லர் படகின் வயிற்றுக்கடியில், சுக்கானுக்கு முன்னால் சுழலும். பின்பக்கமாக ஏறி இறங்கும் பிள்ளையின் காலுக்கு நேராக நீட்டிக்கொண்டிருக்காது. எஞ்சின் ஓடும்போது யாரும் பின்னால் ஏறக்கூடாது என்பது எந்தப் படகுக்கும் பொது. பின்னால் எழும் அலையும் இதில் சின்னதாக இருப்பதால் சறுக்குகிறவருக்குச் சுகம். எஞ்சினைப் பின்னால் தள்ளி வைக்கும் வி-டிரைவ் பெரிய அலை எழுப்பும். அது ஒற்றைப் பலகையில் நின்று அலைமேல் துள்ளும் வேக்போர்டுக்காரர்களுக்கு.

படகைப் பற்றி ஒன்றும் தெரியாத எனக்குத் துணையாக வந்தவர் எதிர்வீட்டு அண்ணன். சர்க்கரை ஆலை ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரை அங்கிள் என்கிறது, நான் மட்டும் அண்ணன் என்பேன். கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் ஐந்தாம் தலைமுறை. அவரிடம் மிஞ்சியிருக்கிற தமிழ் கொஞ்சம்தான், ஆனால் ‘தம்பி’ என்று கூப்பிடும்போது எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும்.

முதலில் பார்த்த படகு வால் (Vaal) என்ற அணையின் கரையில் இருந்தது. ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு போனோம். பளபளவென்று இருந்தது. எஞ்சினுக்குப் புது பெயின்ட். எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. அண்ணனுக்கு அந்தப் பெயின்டே பிடிக்கவில்லை. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தார். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குக் கீழே, எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலான பிளாக்கின் பக்கவாட்டில் கட்டைவிரலை மெதுவாக முன்னும் பின்னும் ஓட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. “தம்பி, கை குடு” என்று என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலுக்குத் தெரிந்தது. ஒரு சாண் நீளத்துக்குப் படுக்கைவாட்டில் தழும்பு போல மேடு. அப்புறம் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தார். ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தது. உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

விஷயம் இதுதான். இந்த எஞ்சின்கள் பெரும்பாலும் காரிலிருந்து வந்த 5.7 லிட்டர் வி8 வகை. அணைத் தண்ணீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். டர்பனில் உறைபனி கிடையாது. வால் அணை இருப்பது மேட்டுநிலம், ஜூன் ஜூலை இரவுகளில் அங்கே பூஜ்யத்துக்குக் கீழே போகும். குளிர்காலத்துக்கு முன் பிளாக்கிலிருந்து தண்ணீரை வடிக்காமல் விட்டால், அது உறைந்து விரிந்து வார்ப்பிரும்பையே பிளந்துவிடும். யாரோ அதை ஒட்டிப் பூசியிருக்கிறார்கள். விற்கிறவருக்கே இது தெரியாமலும் இருந்திருக்கலாம். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

இரண்டு மாதம் கழித்து மிட்மார் அணைப் பக்கம் ஒன்று கிடைத்தது. 1990களின் மாடல், சீட்டெல்லாம் வெயிலில் வெளுத்துப் போனது. முதலில் அண்ணன் தரையின் மூடியைத் திறந்து, எஞ்சின் உட்கார்ந்திருக்கும் நீளச் சட்டங்களை ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனார். பழைய படகுகளில் ஃபைபருக்கு உள்ளே மரம் இருக்கும். தண்ணீர் புகுந்தால் வெளியே தெரியாமல் உள்ளுக்குள் மக்கும். நல்ல மரம் ‘டக் டக்’ என்று கேட்கும், மக்கினது ‘பொத்’ என்று கேட்கும். தேங்காய் தட்டி வாங்கத் தெரிந்தவருக்கு இது கஷ்டமில்லை. எஞ்சின் மவுண்ட் போல்ட்டுகளையும் முறுக்கிப் பார்த்தார். பிடிமானமில்லாமல் சுற்றினால் கீழே மரம் போய்விட்டது என்று அர்த்தம். இதில் கெட்டியாக இருந்தன.

அப்புறம் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று பார்ப்பது. எட்டு சிலிண்டரும் 132 psi-க்கும் 146 psi-க்கும் நடுவில் காட்டின. கணக்கில் பெரிய எண்ணைவிட முக்கியம், எட்டும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கிறதா என்பது. வித்தியாசம் பத்து விழுக்காட்டுக்குள் இருந்தது, சரி.

விற்பவர், “ஹோஸ் பைப் மாட்டி இங்கேயே ஸ்டார்ட் பண்ணிக் காட்டுகிறேன்” என்றார். கேட்டு ரசிக்க அது போதும். ஆனால் தரையில் புரொப்பெல்லருக்குப் பளு இல்லை, எஞ்சினின் குறை தெரியாது. தண்ணீரில் இறக்காமல் ஒரு ராண்ட் கூடத் தர மாட்டோம் என்று அண்ணன் சொல்லிவிட்டார். எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. பெட்ரோல் செலவை நானே தருகிறேன் என்றதும் அவர் சம்மதித்தார்.

முழு வேகத்தில் பத்து நிமிடம் ஓடியதும் டெம்பரேச்சர் முள் நகர ஆரம்பித்தது. 70 டிகிரியில் நின்றது மெல்ல 90-ஐத் தாண்டியது. வேகத்தைக் குறைத்துக் கரைக்கு வந்து, அணைத் தண்ணீரை உறிஞ்சும் பம்பைக் கழற்றினோம். உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இம்பெல்லரில் இரண்டு இதழ்களைக் காணவில்லை. புது இம்பெல்லர் மாட்டினால் போதும் என்று நான் நினைத்தேன். அண்ணன் விடவில்லை, உடைந்த துண்டுகள் எங்கே போயிற்று என்று தேடச் சொன்னார். எஞ்சினுக்குப் போகும் ஹோஸைக் கழற்றியபோது நகத்தளவு ரப்பர் இரண்டும் அங்கே குறுக்கே அடைத்துக்கொண்டிருந்தன. அவற்றை விட்டிருந்தால் புது பம்பும் சூட்டைத் தடுத்திருக்காது. கியர்பாக்ஸ் ஆயில் கூலரின் வாயில் ஒரு கைப்பிடி பாசி வேறு. விற்பவர் மனம் கோணாமல் 12,000 ராண்ட் குறைத்துக்கொண்டார்.

புரொப்பெல்லரைச் சுழற்றும் ஷாஃப்ட் படகுக்கு வெளியே போகும் இடத்தில் ஓடும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு தண்ணீர் விழுந்ததைப் பார்த்து நான் பதறினேன். ஷாஃப்ட்டைச் சுற்றித் திரி திணித்து அடைக்கும் பழைய பேக்கிங் வகையில் அந்தச் சொட்டு இருக்கத்தான் வேண்டும், அதுதான் ஷாஃப்ட்டைச் சூடாகாமல் காக்கிறது என்று அண்ணன் புரியவைத்தார்.

காகித வேலை சுருக்கமாக. ட்ரெய்லர் ஒரு வண்டிக்குச் சமம். பெயர் மாற்ற, சாலையில் ஓடத் தகுதியானது என்ற ரோட்வர்தி சான்று வேண்டும், 21 நாளுக்குள் முடிக்க வேண்டும். ட்ரெய்லரின் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டுவதால் என் பி (சாதாரண கார்) லைசன்ஸ் செல்லாது என்று தெரிந்தது. கனமான ட்ரெய்லர் இழுக்க அனுமதிக்கும் இபி லைசன்ஸ் எடுக்கும்வரை அண்ணன் மகன்தான் இழுத்து வந்தான். 15 குதிரைத்திறனுக்கு மேல் எஞ்சின் இருந்தால் அணையில் ஓட்டவும் ஸ்கிப்பர் (படகோட்டி) சான்றிதழ் வேண்டும். படகுக்கும் தகுதிச் சான்று உண்டு, நாட்டின் கடல் பாதுகாப்பு ஆணையமான சாம்சாவின் விதிப்படி. படகு வாங்குவதற்கு முன்பே ஸ்கிப்பர் வகுப்புக்குப் போய்விடுங்கள். நான் வாங்கிவிட்டுப் போனதால் படகு ஆறு வாரம் வாசலிலேயே நின்றது.

ஹேசல்மியரில் முதல் நாள் எனக்கு வியர்த்தது ரிவர்ஸ் எடுக்கும்போதுதான். இன்போர்டு பின்னோக்கிப் போகையில் சுக்கானுக்குக் கட்டுப்படாது, ஒரு பக்கமாகவே இழுக்கும். எந்தப் பக்கம் இழுக்கிறது என்று முதலில் திறந்த தண்ணீரில் பார்த்து வைத்துக்கொண்டு, அந்தப் பக்கமாகவே துறையை அணைக்கப் பழகினேன்.

சாவியைத் திருப்புவதற்கு முன், எஞ்சின் அறைக் காற்றை வெளியே தள்ளும் ப்ளோயர் விசிறியை ஐந்து நிமிடம் ஓட விடுகிறோம். பெட்ரோல் ஆவி காற்றைவிட கனம், படகின் அடியில் தங்கிவிடும். அந்த ஐந்து நிமிடம் மகளுக்கு ஒரு யுகம். லைஃப் ஜாக்கெட் பட்டியை இழுத்து மாட்டிக்கொண்டு, கயிற்றைக் கையில் சுற்றப் போனாள். “கையில் சுத்தாதே பாப்பா, பிடிச்சுக்கோ” என்றார் அண்ணன். பின்னோக்கி உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருப்பது அவர் வேலை. மணிக்கு 30 கிலோமீட்டர் அளவில் வைத்திருந்தேன். இரண்டு தடவை விழுந்தாள். மூன்றாவது தடவை, திரும்பிப் பார்க்க முடியாத எனக்கு அண்ணனின் குரல் மட்டும் கேட்டது: “நின்னுட்டா தம்பி, நேரா ஓட்டு!”