உலைகளை மூடிய காடு: அயன்பிரிட்ஜ் நாட்குறிப்பு

13 அக்டோபர் 2023, வெள்ளி

இங்கிலாந்தின் டெல்ஃபோர்டில் ரயிலை விட்டிறங்கி, பஸ் பிடித்து அயன்பிரிட்ஜ் வந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டது. தூறல் வேறு. பாலம் நாளைக்கு.

14 அக்டோபர், சனி

விடிந்ததும் பாலத்துக்குப் போனேன். செவர்ன் ஆற்றின் மேல் ஒரே வளைவாக, சுமார் 30 மீட்டர் அகலத்துக்குத் தாண்டி நிற்கிறது. வார்ப்பிரும்பில் கட்டிய உலகின் முதல் பெரிய பாலம். 1779-இல் எழுப்பி, 1781 புத்தாண்டு அன்று திறந்திருக்கிறார்கள். ஊருக்குப் பெயர் வந்ததே இதனால்தான்.

மேலே நடப்பதைவிட அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பதுதான் சுவாரசியம். துளையில் முளையைச் செருகி, ஆப்பு அடித்து இறுக்கியிருக்கிறார்கள். அப்பட்டமான தச்சு வேலை! இரும்பில் இவ்வளவு பெரிதாகக் கட்டிப் பழகியவர் அப்போது யார் இருந்தார்கள்? தெரிந்த தொழிலை வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். வடிவமைத்த தாமஸ் பிரிட்சார்டும் தச்சுத் தொழில் கற்றவர்தான். பாவம், பாலத்தைக் கண்ணால் பார்க்காமலே 1777-இல் இறந்துபோனார். கட்டி முடித்த இரும்பாலை முதலாளி மூன்றாம் ஆபிரகாம் டார்பிக்கு மிஞ்சியது கடன்.

சுங்கச் சாவடியில் பழைய கட்டணப் பலகை இன்னும் இருக்கிறது. சிப்பாய் பணியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காசு கட்ட வேண்டும். அரச குடும்பத்துக்கும் விலக்கு கிடையாது. நம்மூர் டோல்கேட்டில் யார் யாருக்கு விலக்கு என்று நீளும் பட்டியலை நினைத்துச் சிரிப்பு வந்தது.

மதியம் பக்கத்து ஊரான கோல்புரூக்டேல். மூன்றாம் டார்பியின் தாத்தா 1709-இல் மரக்கரியை விட்டுவிட்டு, நிலக்கரியைச் சுட்டெடுத்த கல்கரியில் இரும்பு உருக்கிய உலை, கூரைக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. அவர் வார்த்து விற்றது சமையல் பாத்திரம். தொழிற்புரட்சி என்று பெரிதாகச் சொல்கிறோம், இங்கே அது சட்டி பானையில் ஆரம்பித்திருக்கிறது.

15 அக்டோபர், ஞாயிறு

மழை விட்டது. தென்கரையில் பென்தால் எட்ஜ் காட்டுக்குள் நடை. ஒரே சேறு, செங்குத்தான படிகள், முழங்கால் கெஞ்சியது. நாயோடு வந்த உள்ளூர்க்காரர்கள் என்னைச் சர்வசாதாரணமாகத் தாண்டிப் போனார்கள்.

பச்சைப் பசேலென்று இருக்கிறது, ஆனாலும் இதை இயற்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சரிவு முழுக்கப் பழைய சுண்ணாம்புக்கல் குவாரிகள். உலையில் இரும்பிலிருந்து கசடைப் பிரிக்கச் சுண்ணாம்புக்கல் வேண்டும். வெட்டி எடுத்த பள்ளங்களில்தான் இப்போது மரங்கள் நிற்கின்றன. கீழே ஆற்றோரப் பாதைகூட ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம். உலை எரிந்த காலத்தில் இங்கே பறவைச் சத்தம் கேட்டிருக்குமா என்பதே சந்தேகம். 1986-இல் யுனெஸ்கோ இந்தப் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது, சரி. அதற்கு வெகு முன்பே காடு தன் பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டது.

அப்புறம் ஹே சரிவுப் பாதை. கால்வாய்ப் படகுகளைத் தண்டவாளத்தில் ஏற்றி, 63 மீட்டர் உயரத்துக்கு ஏற்றி இறக்கியிருக்கிறார்கள். சுமையோடு இறங்கும் படகின் எடையே எதிரே வரும் படகை மேலே இழுத்துவிடும். இதைப் பார்க்கவே தனியாக ஒருமுறை வரலாம்.